ஊவா மலைச்சரிவுகளும் கூட்டு வகைப்படுத்தலும் – ஒரு விமரிசன நோக்கு

பதுளை மாவட்டத்தின் மண்சரிவு அபாயத்தைப் படமாக வரையும் முயற்சி இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1984இல் அமைக்கப்பெற்ற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் துணையோடு 1990இல் மண்சரிவு அபாயப் படமாக்கலை மேற்கொண்டபோது முதலிற் தெரிந்துகொண்ட மாவட்டங்கள் இரண்டே; அவை பதுளையும் நுவரெலியாவும் ஆகும். அடிநிலப் பாறையின் இயல்பு, மேற்படையின் வகையும் தடிப்பும், நிலத்தின் சாய்வு, நீர்வடிகால், நிலப் பயன்பாடு, நிலவுருவம் ஆகிய ஆறு காரணிகளுக்கும் துறை வல்லார் தம் அனுபவத்தால் நிறை வழங்கினர். அந்நிறைகளைக் கூட்டிப் பெற்ற தொகையைக் கொண்டு நிலம் தரம் பிரிக்கப்பட்டது. அம்முறையில் நிறை வழங்கியவர் மனிதர். அந்நிறை ஏன் வழங்கப்பட்டதென வினவினால் விடை கூறுதற்கு ஒருவர் இருந்தார்.

பின்னர் இப்பணி படிப்படியாகக் கணனியிடம் செல்லத் தொடங்கிற்று. 2018இல் பதுளை மாவட்டத்தையே களமாகக் கொண்டு லொஜிஸ்டிக் பிற்செலவு முறையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. உலகின் பிற மலைநாடுகளிலும் இத்தகைய ஆய்வுகள் பல்கிப் பெருகியுள்ளன. அவற்றுட் பல இன்று ஒரே உத்தியை நாடுகின்றன. பொறிக் கற்றலில் வழங்கும் கருச் சார்பு வகைப்படுத்தி ஒன்றையும் கூட்டு முறை ஒன்றையும் இணைத்து, தனித்து நின்ற இரண்டினும் இணைப்பே மேலானதென நிறுவுதல் அவ்வுத்தியாகும். இம்முடிவு எத்துணை உண்மை, ஊவாவின் தோட்டங்களுக்கு அது எவ்வாறு பயன்படும் என்பன ஆராயற்பாலன. சிவப்பு நிறம் தீட்டப்படும் துண்டில் யாருடைய லயன் நிற்கிறது என்பது அப்படத்தை வரைபவருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஆனால் அந்நிறத்தைக் கொண்டே யாரை முதலில் வேறிடத்துக்கு மாற்றுவது என்ற வரிசை எழுதப்படுகிறது.

கருச் சார்பு என்னும் சொல் தமிழில் இன்னும் வேரூன்றவில்லை. ஆயின் பொருள் கடினமானதன்று. ஒரு தோட்டப் பிரிவின் நிலத்துண்டுகளைச் சாய்வு ஓர் அச்சிலும் மேற்படையின் தடிப்பு மற்றோர் அச்சிலுமாகக் குறித்தால், சரிந்தவற்றையும் சரியாதவற்றையும் ஒரு நேர்கோட்டினாற் பிரித்துவிட இயலாது. செங்குத்தான வெறும் பாறை நெடுங்காலம் அசையாது நிற்கும். நடுத்தரச் சாய்விலே, மேலிருந்து காலந்தோறும் உதிர்ந்து படிந்த மண்ணும் கல்லும் கலந்த தடித்த படையோ, கான்கள் தூர்ந்து நீர் உள்ளிறங்கும் மழைக்காலத்தில் ஒரு காலைப்பொழுதில் இறங்கிவிடும். தரவுகளை உயர்ந்த பரிமாணமுடைய ஒரு வெளிக்கு ஏற்றினால் அங்கே ஒரு தளத்தினால் இவற்றைப் பிரித்தல் கூடும். அவ்வெளிக்கு உண்மையிற் செல்லாமலே, இரு நிலத்துண்டுகள் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்துள்ளன என்பதை அளக்கும் சார்பொன்றினால் அக்கணிப்பைச் செய்து முடிப்பதே கருச் சார்பின் நுட்பம். அதன் கணித அடிப்படை 1909இல் மேர்சர் நிறுவிய தேற்றத்தில் உள்ளது. 1964இல் சோவியத் அறிஞரான ஐசர்மன், பிறேவர்மன், றொசொனோயர் ஆகியோர் அதனை வகைப்படுத்தலுக்கு எடுத்தாண்டனர். 1992இல் போசர், கியோன், வப்னிக் ஆகிய மூவரும், 1995இல் கோட்டஸ், வப்னிக் ஆகிய இருவரும் வெளியிட்ட கட்டுரைகளினால் ஆதாரக் காவிப் பொறி இன்றைய வடிவைப் பெற்றது. இரு வகுப்புகளுக்குமிடையே இயன்ற அளவு அகன்ற இடைவெளி விட்டு எல்லை வகுப்பது அதன் இயல்பு. அவ்வெல்லையைத் தீர்மானிப்பவை எல்லையை அண்டி நிற்கும் துண்டுகளே. தொலைவில் நிற்பவற்றை நீக்கினும் எல்லை மாறுவதில்லை.

கூட்டு முறையின் போக்கு வேறு. அது ஒரு சிறந்த நீதிபதியைத் தேடுவதில்லை. பல சாதாரண நீதிபதிகளை அமர்த்துகிறது. சாய்வு இத்தனை பாகைக்கு மேலா, ஓடை இத்தனை மீற்றருக்குள்ளா என வினாக்களை அடுக்கிச் செல்லும் தீர்மான மரம் தனித்து நின்றால் நம்பத்தக்கதன்று. தரவில் ஒரு சிலவற்றை மாற்றினால் மரத்தின் வடிவே மாறிவிடும். லியோ பிறைமன் 1996இல் இக்குறையையே நலமாக்கினார். தரவிலிருந்து மீண்டும் மீண்டும் எழுமாறாக மாதிரிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மரம் வளர்த்து, வாக்கெடுத்து முடிவு காணும் முறையை அவர் பாகிங் என்றழைத்தார். 2001இல் அவரே வினாக்களையும் எழுமாறாகத் தெரிந்தெடுக்கச் செய்து எழுமாற்றுக் காடு என்னும் முறையை முழுமைப்படுத்தினார். முன்னவர் செய்த வழுவைப் பின்னவர் திருத்தும் பூஸ்டிங் முறையும், பல வகைப்படுத்திகளின் விடைகளை மற்றொரு வகைப்படுத்திக்குப் பாடமாக்கும் ஸ்டாக்கிங் முறையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. பின்னதை 1992இல் வூல்பேட் முன்வைத்தார்.

பலர் கூடினால் முடிவு சிறக்கும் என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 1785இல் கொண்டோசே அதனைக் கணிதமாகச் சொல்லி வைத்தார்: ஒவ்வொருவரும் பாதிக்கு மேற்பட்ட வாய்ப்போடு சரியாகத் தீர்ப்பவராயும், ஒருவர் தீர்ப்பு மற்றவர் தீர்ப்பைச் சாராததாயும் இருத்தல் வேண்டும். 1995இல் குறோக், வெடெல்ஸ்பி ஆகியோர் எண் மதிப்பைக் கணிக்கும் குழுக்களுக்கு இதனை இன்னும் தெளிவுறக் காட்டினர். குழுவின் வழு, உறுப்பினர் வழுக்களின் சராசரியிலிருந்து அவர்கள் ஒருவரோடொருவர் முரண்படும் அளவைக் கழித்தாற் கிடைப்பதாகும். முரண்பாடு பூச்சியமெனில் இலாபமும் பூச்சியமே.

தமிழ்ப் பதிப்பு வரலாற்றை அறிந்தோருக்கு இவ்வுண்மை புதிதன்று. 1887இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் அச்சேற்றிய காலத்திலிருந்தே, ஏட்டுச் சுவடிகளை ஒப்பு நோக்குதல் பதிப்பாசிரியரின் தலையாய பணியாயிற்று. பத்து ஏடுகள் ஒரே பாடத்தைத் தந்தால் அப்பாடம் உறுதியென எண்ணத் தோன்றும். அப்பத்தும் ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டவையாயின் அவை பத்துச் சாட்சிகளல்ல, ஒன்றே. மூல ஏட்டைச் செல்லரித்திருந்தால் பத்தும் அதே இடத்தில் பிழைபடும்; பிழை பத்து மடங்கு உறுதியோடு நிற்கும். இடம் வேறு, வழி வேறு என வந்த ஒரேயொரு ஏடு மாறுபட்ட பாடத்தைத் தருமாயின், கூர்ந்து நோக்கற்குரியது அதுவே.

இவ்வளவையால் நோக்கும்போது ஆய்வுகளிற் காணப்படும் சில இணைப்புகள் வெறும் அலங்காரமென்பது புலனாகும். ஆதாரக் காவிப் பொறிகள் பலவற்றைப் பாகிங் முறையில் திரட்டுவது அத்தகையது. பாகிங் பயன் தருவது நிலையற்ற வகைப்படுத்திகளுக்கே என்பதைப் பிறைமனே 1996ஆம் ஆண்டுக் கட்டுரையில் எடுத்துக் காட்டியுள்ளார். நன்கு செப்பஞ்செய்யப்பெற்ற ஆதாரக் காவிப் பொறி நிலையானது. மாதிரியைச் சற்றே மாற்றினும் எல்லை பெரிதும் அசையாது. எனவே அத்தகைய பொறிகள் ஐம்பதைத் திரட்டினும் ஒன்றையே ஐம்பது முறை கேட்டதாக முடியும். 2004இல் வலென்றினி, டீற்றரிச் ஆகியோர் இதற்கொரு வழி காட்டினர். தனித்து நிற்கையில் மிகவும் ஊசலாடும், ஆனால் ஒருபக்கச் சாய்வு குறைந்த பொறிகளையே தெரிந்து திரட்ட வேண்டுமென்பது அவர்தம் கருத்து. தனிச்சிறப்புடையோரைக் கூட்டுவதினும் ஒருவரோடொருவர் மாறுபடுவோரைக் கூட்டுவது நன்று என்பது இதன் பொருள். ஆய்வேடுகளோ பெரும்பாலும் முதலில் தனிச்சிறப்பைத் தேடிப் பின்னரே கூட்டுகின்றன.

எழுமாற்றுக் காட்டையும் ஆதாரக் காவிப் பொறியையும் இணைப்பது இதனினும் நியாயமானது. இரண்டும் வேறு வேறு வழியிற் சிந்திப்பவை. எது சிறந்தது என்ற வாதமும் ஓரளவு அடங்கிவிட்டது. 2014இல் வெளியான ஒரு பேராய்வு 179 வகைப்படுத்திகளை 121 தரவுத் தொகுதிகளில் ஒப்பிட்டது. அதில் எழுமாற்றுக் காடு முதலிடமும் கவுசியக் கருச் சார்புடைய ஆதாரக் காவிப் பொறி அடுத்த இடமும் பெற்றன. இரண்டுக்குமிடையிலான வேறுபாடு புள்ளிவிபர நோக்கிற் பொருட்படுத்தத்தக்கதன்று. ஆகவே மூன்றாம் தசம தானத்தில் ஒன்றை மற்றொன்று வென்றதெனக் கூறும் அட்டவணைகளை அதிகம் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வழிகள் வேறாயினும் மூல ஏடு ஒன்றே என்பதுதான் ஊவாவைப் பொறுத்தவரை தீராத சிக்கல். மரமும் காவிப் பொறியும் கற்பது முன்னர் நிகழ்ந்த மண்சரிவுகளின் பதிவேட்டிலிருந்து. பதிவேட்டில் எது ஏறும்? பெரகலையிலிருந்து கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயவுக்குச் செல்லும் வீதியில் மண் விழுந்தால் போக்குவரத்துத் தடைப்படும், அன்றே பதிவாகும். தெமோதரையை அண்டிய புகையிரதப் பாதையில் விழுந்தாலும் அவ்வாறே. நமுனுகுலை மலையடிவாரத்திலோ லுணுகலைப் பக்கத்திலோ ஒரு தேயிலை மலையின் உட்புறத்திற் சிறிதாக இறங்கிய மண், கங்காணியும் கொழுந்தெடுக்கும் பெண்களும் அறிந்த செய்தியாகவே நின்றுவிடக் கூடும். பதிவில்லாத இடமோ கணனிக்குச் ‘சரியாத இடம்’. சரியாதவற்றுக்கான மாதிரிகள் பொதுவாகப் பதிவில்லாத நிலத்திலிருந்தே எழுமாறாக எடுக்கப்படுகின்றன. ஆக, சொல்லப்படாதது நிகழாததாகக் கற்பிக்கப்படுகிறது.

வீதியிலிருந்து தூரம் என்பது இவ்வாய்வுகளில் அடிக்கடி சேர்க்கப்படும் ஒரு காரணி. வீதிக்காக மலையை வெட்டுவதால் மண் சரிவது உண்மை. வீதியருகே சரிவதாற் பதிவாவதும் உண்மை. இவ்விரண்டில் எதனைக் கணனி கற்றது என்று பிரித்தறிய அப்பதிவேட்டுக்குள் வழியில்லை. லயன்களின் அமைவிடமும் இச்சிக்கலை வளர்க்கிறது. அவற்றைக் கட்டுவித்த துரைமார் பெரும்பாலும் நோக்கியது தேயிலைக்கு உதவாத துண்டு எது, பிரட்டுக்களத்துக்கும் பீலிக்கும் அருகானது எது என்பதையேயன்றி மண்ணின் உறுதியையன்று. இவற்றில் காட்டுக்கும் காவிப் பொறிக்கும் ஒரே குருட்டுத்தன்மை. இரண்டும் ஒருமித்துப் பச்சை நிறம் தீட்டிய உட்தோட்டப் பிரிவொன்றைப் பாதுகாப்பானதென நம்புவதற்கு அவ்வொருமிப்பு ஆதாரமாகாது.

முடிவுகளைச் சோதிக்கும் முறையும் ஐயத்துக்குரியது. நிலம் சிறு சதுரத் துண்டுகளாக்கப்பட்டு, அவற்றுட் பெரும்பங்கு பயிற்சிக்கும் எஞ்சியவை சோதனைக்குமாக எழுமாறாகப் பிரிக்கப்படுவது வழக்கம். ஒரே சரிவைச் சேர்ந்த அடுத்தடுத்த துண்டுகள் இவ்வாறு இருபுறமும் சிதறுகின்றன. பாடத்தில் வந்த கணக்கையே எண்ணை மட்டும் மாற்றிப் பரீட்சையிற் கேட்பதற்கு இது ஒப்பாகும். புள்ளிகள் உயர்வது வியப்பன்று. இதனால் அதிகம் பாதிக்கப்படுவது ஸ்டாக்கிங் முறையே. மேலமர்ந்து தீர்ப்பளிக்கும் வகைப்படுத்தி, கீழுள்ளவற்றில் எது அயல் துண்டுகளை மனனஞ் செய்ததோ அதனையே அதிகம் நம்பக் கற்றுக்கொள்கிறது. விடைகளின் அளவைகளும் ஒத்தவையல்ல. மரங்களின் வாக்குவீதம் ஒன்று. எல்லையிலிருந்து காவிப் பொறி அளக்கும் தூரம் மற்றொன்று. அத்தூரத்தை நிகழ்தகவாக்க 1999இல் பிளற் ஒரு வழி தந்தார். அதனைச் செய்யாது இரண்டையும் சராசரியாக்குவது இறாத்தலையும் கிலோவையும் கூட்டிக் கொழுந்து நிறுப்பது போலாகும்.

இவ்வளவு கூறியபின் இணைப்பு முற்றிலும் பயனற்றதென முடித்தல் நேர்மையாகாது. அது உண்மையிலேயே உதவக்கூடிய இடமொன்று உண்டு. ஆய்வேடுகள் அதனைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பயிற்சியிற் காணாத வகை நிலத்தை எதிர்கொள்ளும்போது இவ்விரு முறைகளும் வேறு வேறு விதமாகத் தடுமாறுகின்றன. கவுசியக் கருச் சார்பு ஒப்புமையை அளப்பது. ஒப்பானது எதுவும் அருகில் இல்லையெனில் அதன் விடை ஒரு மாறிலியை நோக்கிச் சுருங்கிவிடும். தீர்மான மரமோ தான் கண்ட கடைசிக் கிளையின் விடையைத் தயக்கமின்றித் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும். அப்புத்தளை, ஹல்துமுல்லைப் பகுதியின் தென்புற மலைவிளிம்பிற் கற்ற பொறியைப் பசறை, லுணுகலைப் பக்கத்துக்கு எடுத்துச் செல்லும்போது இரண்டும் முரண்படும் துண்டுகள் தோன்றும். வழுக்கள் உண்மையில் வேறுபடும் இடம் இது. ‘இங்கே எமக்குப் பாடமில்லை’ என்று தரவு தானே ஒப்புக்கொள்ளும் இடமும் இதுவே. வழக்கமான இணைப்பு இவ்விரு விடைகளையும் சராசரியாக்கி மஞ்சள் நிறம் பூசிவிடுகிறது. நடுத்தர அபாயமென்று இரண்டும் உறுதியாகச் சொன்ன துண்டும், ஒன்று ஆபத்தென்றும் மற்றொன்று ஆபத்தில்லையென்றும் சொன்ன துண்டும் படத்தில் ஒரே மஞ்சளாகின்றன. முன்னதற்குக் கண்காணிப்புப் போதும். பின்னதற்குப் புவிச்சரிதவியலாளர் ஒருவர் நேரிற் சென்று நிற்க வேண்டும். இந்த வேறுபாட்டை அழிப்பதே இன்றைய கூட்டுப் படங்களின் பெருங்குறை.

இனி, வகைப்படுத்தல் எவ்வளவு திருத்தமாயினும் அது எங்கே நின்றுவிடுகிறது என்பதற்கு மீரியபெத்தை சான்று. கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள அத்தோட்டப் பிரிவின் மீது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் உயிர் தப்பினர். அவர்களின் வீடுகளிருந்த லயன்கள் மண்ணுள் மறைந்தன. மாண்டோர் தொகையே நெடுநாள் சர்ச்சைக்குரியதாயிருந்தது. அவ்விடம் அபாயமானதென்றும் மக்களை வேறிடத்திற் குடியமர்த்த வேண்டுமென்றும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அறிவுறுத்தியிருந்தது. வகைப்படுத்தல் சரியாகவே இருந்தது. எழுமாற்றுக் காடோ கருச் சார்போ இல்லாமலே சரியாக இருந்தது. இல்லாதது மாற்று நிலமும் வீடும். தோட்ட முகாமை 1992இற் கம்பனிகளின் கைக்கு மாறிய பின்னரும் நிலம் அரசினுடையதே; லயனில் வாழ்வோருக்கு உறுதிப்பத்திரம் இல்லை. தனக்கென ஒரு துண்டு நிலம் இல்லாதவரிடம் ‘இவ்விடத்தை விட்டுச் செல்’ என்பது எச்சரிக்கையாகும். ‘எங்கே’ என்ற அவரது வினாவுக்கு அது விடையாகாது. அனர்த்தத்தின் பின் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் கட்டப்பெற்று 2016இற் கையளிக்கப்பட்டன. அப்பூனாகலையின் கபரகலைத் தோட்டத்திலேயே, வடகீழ்ப் பருவமழைக்காலம் கழிந்த 2023 மார்ச்சில், மண் சரிந்து லயன் குடியிருப்புகளைச் சேதப்படுத்தியது.

ஆகவே வழுக்களைச் சமமாக எண்ணும் அளவைகள் இங்குப் பொருந்தா. ஆதாரக் காவிப் பொறியில் இரு வகை வழுக்களுக்கும் வெவ்வேறு தண்டம் விதிக்க வழியுண்டு. ஆபத்தான துண்டைப் பாதுகாப்பானதென்று சொன்னாற் பெருந்தண்டம், மறுதலைக்குச் சிறுதண்டம். எழுமாற்றுக் காட்டிலும் வகுப்புகளுக்கு நிறை வழங்கலாம். ஆயின் மறுதலை வழுவும் இலேசானதென்று எண்ணிவிடலாகாது. தவறாகச் சிவப்பிடப்பட்ட லயனிலிருந்து பெயர்க்கப்படும் குடும்பத்துக்கு வேலைத்தலம் தூரமாகும். செக்றோலிற் பேர் விழும் நாட்கள் குறையும். வீட்டுத்தோட்டமும் மாட்டுப்பட்டியும் போகும். அத்தண்டத்தின் விகிதத்தை எத்தரவும் கற்பிக்காது. அது வெளியிலிருந்து இடப்பட வேண்டிய எண். அதனை இடுபவர் யார், யாரைக் கேட்டு இட்டார் என்பது ஆய்வேட்டின் முதற் பக்கத்தில் இருக்க வேண்டிய செய்தி; கணனி நிரலின் உள்ளே இயல்பு மதிப்பாக ஒளிந்திருக்கத் தக்கதன்று.

மூல ஏட்டைச் சாராத சாட்சிகளும் ஊவாவில் இல்லாமலில்லை. பீலி நீர் திடீரெனக் கலங்குதல், இல்லாத இடத்தில் ஊற்றுத் தோன்றுதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல், லயன் சுவரிலும் நிலத்திலும் வெடிப்பு நீளுதல் ஆகியவற்றை அதிகாரிகள் முன்னறிகுறிகளாக மக்களுக்கு அறிவித்து வருகின்றனர். அவற்றை முதலிற் காண்போர் அங்கு வாழ்வோரே. இருபத்து நான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழிப்புக்கும், 100 எச்சரிக்கைக்கும், 150 வெளியேற்றத்துக்கும் உரியதென்ற வரம்புகளும், கிராமங்களுக்கு வழங்கப்பட்ட எளிய மழைமானிகளும் இவ்வகையில் மதிப்புடையன. இவையும் பிழைபடும். ஆனால் செய்மதிப் படமும் வீதியோரப் பதிவேடும் பிழைபடும் இடத்தில் இவை பிழைபடுவதில்லை. கொண்டோசே கேட்ட சாராமைக்கு மிக அண்மையில் வருவது நூற்றோராவது மரமன்று. தோட்டப் பிரிவுதோறும் முதியோரிடம் கேட்டெழுதப்படும் பழைய சரிவுகளின் பட்டியலே.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையினாற் பதுளை மாவட்டமும் ஏனைய மலைநாட்டு மாவட்டங்களும் பெரும் மண்சரிவுகளுக்குள்ளாயின. அதற்கு முன் வரையப்பெற்ற ஒவ்வொரு படத்துக்கும் அது கேட்கப்படாமல் வந்த பரீட்சை. கூட்டு முறையில் இனி ஊவாவை ஆராயப் புகுவோர் 2025க்கு முந்திய பதிவுகளில் மட்டும் பொறிகளைப் பயிற்றி, அம்மழையிற் சரிந்த நிலத்தில் அவற்றைச் சோதித்தல் வேண்டும். சதுரத் துண்டுகளையன்றித் தோட்டப் பிரிவுகளை முழுமையாக ஒதுக்கி வைத்து இன்னொரு முறை சோதித்தல் வேண்டும். பெறும் புள்ளி ஆய்வேடுகள் வழமையாகக் காட்டும் புள்ளியினும் தாழ்ந்திருக்கும். அத்தாழ்ந்த புள்ளியையும், இரு முறைகளும் முரண்பட்ட துண்டுகளைத் தனி நிறத்திற் காட்டும் இரண்டாவது படமொன்றையும் சேர்த்தே அச்சிட்டு, அப்படத்திலே பிரிவுகளின் பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் பொறித்துப் பிரதேச செயலகங்களுக்கு அனுப்ப வேண்டும். அடுத்த ஒக்டோபர் மழைக்கு முன் எந்தப் பிரிவுக்கு யார் நேரிற் செல்வது என்பதை அங்குள்ளோர் அதனைக் கொண்டு தீர்மானிக்கலாம்.